தேருக்கு நிலை உண்டு, பள்ளி வேனுக்கு?

அனுப்புநர்:
பாகூரில் இருக்கும் ஒரு தாத்தா,
வில்லியனூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் சார்பாகவும்.

பெறுநர்:
புதுச்சேரியில் எதை எங்கே கட்டுவது, அங்கே வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் மேலதிகாரி அவர்கள்.
(அது எங்கள் துறை இல்லை என்று ஒவ்வொரு துறையும் சொல்வதால், கடிதம் யார் கைக்கு வருகிறதோ அவரே பெறுநர் என்று கொள்ளவும்.)

பொருள்: குழந்தைகளுக்கான அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேருவதும் போன இடத்தில் வண்டியை நிறுத்துவதும் தொடர்பாக.

பார்வை: பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, பாகூர். (அசல் தற்சமயம் பாரிசில் உள்ளது.)

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டியது என்று நீங்கள் நினைத்த எல்லாவற்றையும் பத்திரமாக நகரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். பொம்மை பார்க்க வேண்டுமா, கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தின் பக்கம் ஜவகர் பொம்மை அருங்காட்சியகம். மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததைப் பார்க்க வேண்டுமா, செயின்ட் லூயி வீதியில் புதுச்சேரி அருங்காட்சியகம். மரம் செடி கொடி பார்க்க வேண்டுமா, 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தாவரவியல் பூங்கா. நட்சத்திரம் பார்க்க வேண்டுமா, நகரத்தின் வடக்கே லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும். பாகூரில் ராத்திரி கரண்டு போனால் நட்சத்திரம் தானாகவே தெரியும்தான். ஆனாலும் எது எந்த நட்சத்திரம் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

செடி கொடி விஷயத்தில் மட்டும் ஒரு சிறு சந்தேகம். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்ப் பிள்ளைகளைப் பஸ் ஏற்றி, டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செடியைக் காட்டுவதில் ஏதோ பெரிய கல்வித் தத்துவம் இருக்க வேண்டும். எனக்குத்தான் பிடிபடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கில் பார்வையாளர் என்றால் யார் என்று எனக்கு ஓரளவு தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகக் காரில் வருகிறவர். ஒயிட் டவுனில் அறை எடுத்து, மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர். அவருடைய காருக்கு இடம் தேடித்தான் இத்தனை திட்டமும். நேரு வீதியின் பழைய ஜெயில் வளாகம்கூட வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. குற்றம் செய்தவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்றைக்குக் கார் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்காவது ரிலீஸ் தேதி தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போட்டபிறகு உள்ளே போன கார் எப்போது வெளியே வரும் என்று யார் சொல்வது?

எங்கள் கதை வேறு. வில்லியனூர் பத்து கிலோமீட்டர் தூரம், பாகூர் இருபது. உலக வரைபடத்தில் இது ஒரு தூரமே இல்லை. வில்லியனூரில் ஏறினால் சுல்தான்பேட்டை, அரும்பார்த்தபுரம், மூலகுளம், ரெட்டியார்பாளையம், அப்புறம் இந்திரா காந்தி சதுக்கம். பாகூரில் கிளம்பினால் கடலூர் சாலையைப் பிடித்து தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை. ஏ.எப்.டி. மில் பக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தால் அது போனஸ். பஸ் கடற்கரைக்குப் போகாது, பஸ் ஸ்டாண்டோடு சரி. அங்கிருந்து டெம்போவுக்கோ ஆட்டோவுக்கோ தனியாகக் காசு எடுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் போய்வரும் செலவில், வாரச் சந்தையிலேயே இரண்டு பொம்மை வாங்கிக் கொடுத்துவிடலாம். அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

அதனால்தான் ஊரில் வேன் பேசுகிறோம். பள்ளிக்கூடமே ஏற்பாடு செய்தாலும் அதே வேன்தான். டிபன் டப்பாவில் புளிசாதம், தோளில் தண்ணீர் பாட்டில், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. கடற்கரைச் சாலையில் வேன் நின்றவுடன் பின்னால் ஹாரன். பிள்ளைகளை மூட்டை இறக்குவதுபோல் இறக்கிவிட்டு டிரைவர் நகர்ந்தாக வேண்டும். பொம்மையைப் பார்த்து முடிக்கப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரமாகும்? ஒவ்வொரு மாநிலத்து உடையாகப் பார்த்து, நம்ம ஊர்ப் புடவை எது என்று கண்டுபிடித்து, வெளியே வந்துவிடுவார்கள். அப்புறம் நடைபாதை வெயிலில் வரிசையாக நிற்பார்கள். டீச்சர் போன் போடுவார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“துய்மா வீதியில இருக்கேம்மா. இல்லல்ல, இப்ப சுஃப்ரேன் வீதி. ஒன்வேன்னு திருப்பிட்டாங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்.”

அடுத்த போனில் அவர் ரோமன் ரோலன் வீதியில் இருப்பார். அதற்கடுத்து பெரிய வாய்க்கால் ஓரம். துய்மா இங்கே கவர்னராக இருந்தவர், சுஃப்ரேன் கப்பற்படைத் தளபதி, ரோமன் ரோலன் 1915இன் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர். உள்ளே போன பிள்ளைகள் பொம்மை பார்த்தார்கள். வெளியே சுற்றிய டிரைவர் பிரெஞ்சு வரலாறு, கடற்படை, இலக்கியம் மூன்றும் படித்துவிட்டார். இந்தக் கல்விச் சுற்றுலாவில் கல்வி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தாங்கள் ஆய்வு செய்யலாம். டீசல் மட்டும் எங்கள் செலவு.

சரி, வெயில் தாழ்ந்து சாயங்காலம் வரலாமே என்பீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுகிறீர்கள். அது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். வண்டியில்லாத சாலையில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கக் கண் குளிரும். அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வண்டியே நிறுத்த வேண்டாத வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் விட்டார்கள். வில்லியனூரில் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே ஏறினால் அடுத்த கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி ஸ்டேஷன், அங்கிருந்து கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கைபிடித்து நடத்தியே கூட்டிப் போய்விடலாம். ஹாரன் இல்லை, ஒன்வே இல்லை, சுஃப்ரேனும் இல்லை. விரல்விட்டு எண்ணும்படி ஓடும் அந்த ரயில்களின் நேரத்தை யாராவது ஒருவர் பள்ளிக்கூட நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தின் பாதி மிச்சமாகியிருக்கும். ரயில் மத்திய அரசு, பள்ளி புதுச்சேரி அரசு, பிள்ளை யாருடையது என்பதில்தான் குழப்பம் போலிருக்கிறது.

இனி, பார்வையில் கண்ட செப்பேட்டுக்கு வருகிறேன். 9ஆம் நூற்றாண்டில் பாகூரில் ஒரு கல்லூரி இருந்தது. வித்யாஸ்தானம் என்று செப்பேடு சொல்கிறது. அது நடப்பதற்காகச் சேத்துப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்தார்கள். காஞ்சியில் கட்டிவிட்டு, பாகூர்ப் பிள்ளைகள் மாட்டு வண்டியில் வரட்டும், வண்டியை எங்கே அவிழ்த்துவிடுவது என்பதை ஒரு கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று அந்த அரசர் சொல்லவில்லை. பாகூரிலேயே படிப்பு நடக்க வழி செய்தார். வாகன நிறுத்தப் பிரச்சினையை ஒரே கையெழுத்தில் தீர்த்த முதல் நிர்வாகி அவர்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் செப்பேடுகளைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு நீதிபதி கண்டெடுத்தார். இப்போது அவை பாரிசில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பாகூர்ப் பிள்ளை ஒருத்தி தன் ஊர்ப் பெயர் பொறித்த செம்பைப் பார்க்க வேண்டுமென்றால் பாரிசுக்குப் போக வேண்டும். அங்கே பார்க்கிங் எப்படி என்று தெரிந்தால் தெரிவிக்கவும், வேன் டிரைவர் கேட்கிறார்.

பாரிஸ் தூரம், விட்டுவிடுவோம். அரிக்கமேடு தூரமா? பாகூரிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில், அரியாங்குப்பத்தில் திரும்பினால் காக்காயந்தோப்பு. அங்கேதான் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்ததற்கான சாட்சிகள் கிடைத்தன. மதுச் சாடியின் உடைசல், கண்ணாடி மணி, கல் மணி. கிடைத்த மணிகளில் ஒரு பகுதி இன்று செயின்ட் லூயி வீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மணி கிடைத்த மண் எங்கள் வழியில், மணி உங்கள் வீதியில். பிள்ளைகள் மணி கிடைத்த இடத்தைத் தாண்டிப் போய், மரப்பாலம் நெரிசலில் நின்று, வெளியே வேனைச் சுற்றவிட்டு, உள்ளே போய் மணியைப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்புகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் அந்த மணிகள் இதைவிடச் சுலபமாக ரோமுக்குப் போயிருக்கும்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். குழந்தைகளுக்கென்றே முதல் அருங்காட்சியகம் 1899இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கூடும் இடத்தில் இல்லை, குடும்பங்கள் குடியிருக்கும் பகுதியில். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கல்கத்தாவைப் பாருங்கள். 1965இலேயே அங்கே பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தார் காட்சிப் பொருள்களை வண்டியில் ஏற்றிக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வண்டி ஏறவில்லை, அருங்காட்சியகம் ஏறியது.

அப்படி வரும் வண்டியை எங்கள் ஊரில் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுவிடாதீர்கள். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் எங்கள் வீதியில் திரும்புகிற தேர். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்தார், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். உங்கள் எந்த வேனையும்விட அது உயரம். அது திரும்ப இடம் இருக்கிறது, திருவிழா முடிந்தால் நிற்க நிலையும் இருக்கிறது. நோ பார்க்கிங் என்று யாரும் அதில் பூட்டுப் போட்டதில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கோருகிறேன்:

1. குழந்தைகளுக்கென்று அடுத்து எதைக் கட்டினாலும், வரைபடத்தில் கார் நிறுத்தத்துக்கு முன்னால் பள்ளி வேன் வந்து நின்று பிள்ளைகளை இறக்கும் இடத்தை வரையவும். காகிதத்தில் வரைவதற்குச் செலவில்லை.

2. வில்லியனூர் ரயில் நேரத்தையும் பள்ளி நேரத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரு முறை பார்க்கவும். மேசை வேண்டுமென்றால் நாங்கள் தருகிறோம்.

3. அரிக்கமேட்டு மணிகளில் சிலவற்றை வருஷத்துக்கு ஒரு மாதம் பாகூருக்கும் வில்லியனூருக்கும் அனுப்பவும். காவலுக்குப் போலீஸ் போடலாம். பிள்ளைகள் அவரையும் வேடிக்கை பார்ப்பார்கள்.

4. ஒரு பழைய அரசு பஸ்ஸுக்குள் பொம்மை, தொலைநோக்கி, மணி எல்லாவற்றையும் ஏற்றி ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தாக விடவும். பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்ற கவலை இனி எங்களுடையது.

5. இவை எதுவும் முடியாதென்றால், கொம்யூன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார் வழங்கவும். அப்போதாவது நாங்கள் உங்கள் கணக்கில் பார்வையாளர்கள் ஆவோம்.

இதையெல்லாம் உங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டியதுதானே என்று பதில் எழுதிவிடாதீர்கள். சொல்ல எங்களுக்கும் ஆசைதான். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அப்புறம் 38 வருஷம் கழித்து 2006இல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பிறகு ஓட்டுப் போட எங்களைக் கூப்பிடவில்லை. பிள்ளைகளை எங்கே இறக்கிவிடுவது என்று கேட்கக்கூட ஒரு கவுன்சிலர் இல்லாத ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாகூர்த் தாத்தா.

நகல்:
1. தேசிய நூலகம், பாரிஸ் (செப்பேட்டைச் சரிபார்க்க).
2. வேன் டிரைவர் (அவர் எந்த வீதியில் இருக்கிறாரோ அங்கே).
3. தலைவர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து (பெயரைத் தேர்தல் முடிந்தபின் நிரப்பிக்கொள்ளவும்).