பச்சைப் பைஜாமாவில் ஒரு கவர்னர்

கவர்னர் என்றதும் ராஜ்பவன், தேநீர் விருந்து, கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும் மசோதா என்று கற்பனையை ஓட்டாதீர்கள். அமெரிக்காவில் கவர்னர் என்பவர் ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிறவர். நம்ம ஊர்க் கணக்கில் முதலமைச்சர். 1928-ல் லூசியானா மாநிலத்துக்கு அப்படி வாய்த்தவர் ஹ்யூயி லாங். ஒவ்வொருவரும் ராஜா, ஆனால் கிரீடம் யாருக்கும் கிடையாது என்பது அவருடைய தேர்தல் கோஷம். ஜெயித்த பிறகு கிரீடம் யார் தலையில் இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆள் அரசியலுக்கு வருமுன் கதவு கதவாகத் தட்டி ‘காட்டலீன்’ என்ற சமையல் கொழுப்பு விற்றவர். அந்தச் சரக்கை விற்பதற்காக நடத்திய கேக் போட்டியில்தான் வருங்கால மனைவியையே சந்தித்தார். பிற்பாடு வக்கீலாகி, சமையல் கொழுப்பை விட்டுவிட்டார். மற்ற கொழுப்பு கடைசிவரை இருந்தது.

அவர் பதவிக்கு வந்தபோது மாநிலம் முழுக்கச் சேர்த்து உருப்படியான ரோடு 300 மைல் சொச்சம். அதுவரை ஆண்ட கனவான்கள் கோட்டு சூட்டை அழுக்காக்காமல் ஆண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். லாங் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார். ஊருக்கு ஊர் நேராக ரோடு போட்டாரா? அதுதான் இல்லை! இந்த மாவட்டத்தில் 5 மைல், அடுத்ததில் 10 மைல் என்று துண்டு துண்டாகப் போட்டார். கார் வழுக்கிக்கொண்டு போகும். திடீரென்று சேற்றில் இறங்கும். பாதி ருசி கண்ட ஜனங்கள் மீதிக்கும் ஓட்டுப் போட்டார்கள். இன்றைக்கு ஆப் கம்பெனிகள் தருகிற ஃப்ரீ ட்ரையலை மனுஷன் கான்க்ரீட்டிலேயே கொடுத்துவிட்டார்.

அடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடப் புத்தகம். ஷ்ரீவ்போர்ட் நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் ரோஷம்: நாங்கள் என்ன பிச்சைக்காரர்களா, புத்தகம் வேண்டாம்! அவர்களுடைய போதாத காலம், அதே சமயத்தில் ராணுவ விமானத்தளம் ஒன்று அந்தப் பக்கம் வருவதாக இருந்தது; அதற்கான நிலத்துக்கு மாநில அரசின் சம்மதம் வேண்டும். புத்தகத்தை வாங்கு, தளத்தை வாங்கு என்றார் லாங். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதற்கும் அவருக்கு பிளாக்மெயில்தான் வசதிப்பட்டது.

1929-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கு பேரலுக்கு 5 சென்ட் வரி என்று கைவைத்த இடம் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி. சட்டசபை கொதித்தது. பதவி நீக்கப் பேச்சு கிளம்பியதும் அவருடைய ஆட்கள் கூட்டத்தை ஒத்திவைக்கப் பார்த்தார்கள். வாக்கு இயந்திரம் காட்டிய கணக்கை யாரும் நம்பவில்லை. அவைக்குள் கைகலப்பு, நெற்றியில் ரத்தம். வாக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகப்படுவது நம்முடைய கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே!

லாங் மேல் மொத்தம் 19 குற்றச்சாட்டு. அரசுப் பணத்தை இஷ்டத்துக்குச் செலவழித்தார். சரி. எம்.எல்.ஏ. ஒருவரைக் கொல்ல ஆள் பிடித்தார். ஐயோ! கெட்ட வார்த்தை பேசினார். ம். விருந்தில் ஹூலா நடனக்காரியோடு கூத்தடித்தார். இங்கேதான் எதிராளிகள் கோட்டை விட்டார்கள். கொலைச்சதியையும் ஹூலா டான்ஸையும் ஒரே லிஸ்டில் போட்டால் மக்கள் எதைப் பேசுவார்கள்?

19-ல் 8 தேறி மாநில செனட்டுக்குப் போயின. அங்கே 39 பேர். தப்பிக்க 14 பேர் போதும். என்ன சாட்சி வந்தாலும் தண்டிக்க மாட்டோம் என்று 15 பேரிடம் எழுதி வாங்கிவிட்டார் லாங். ஒன்று எக்ஸ்ட்ரா. விற்பனையாளர் புத்தி எங்கே போகும்?

1930-ல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. 1914-ல் சென்னையைக் குண்டு போட்டு நடுங்க வைத்ததே, அதன் பெயர் கொண்ட வாரிசு. கப்பலின் கமாண்டரும் ஜெர்மன் கான்சலும் முழு மரியாதை உடுப்பில் கவர்னரைப் பார்க்கப் போனால், அவர் பச்சைப் பட்டு பைஜாமாவில் எழுந்து வந்தார். கான்சல் கொந்தளித்தார். மறுநாள் லாங் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு கப்பலுக்கே போய்ச் சமாதானம் செய்தார். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அதே பேச்சு. ஒரு பைஜாமா இவ்வளவு விளம்பரம் தரும் என்று தெரிந்தவர் அப்புறம் அதைச் சும்மா விடுவாரா? வந்தவர் போனவரையெல்லாம் அதிலேயே வரவேற்றார்.

பைஜாமா தலைப்புச் செய்தியில் இருந்த காலத்தில் ஆபீசுக்குள் நடந்தது வேறு. பதவி வாங்கியவர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் முன்கூட்டியே கையெழுத்தாகி வந்துவிடும். அரசு ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கு ‘டிடக்ட் பாக்ஸ்’ என்ற பெட்டிக்குள் போகும். லாங் செத்த பிறகு அந்தப் பெட்டியைத் தேடாத ஆள் இல்லை. கிடைக்கத்தான் இல்லை.

1930-லேயே வாஷிங்டன் செனட்டுக்கும் தேர்வானார். ஆனால் நாற்காலியை விட்டுப் போனால் துணை கவர்னர் பால் சிர் உட்கார்ந்துவிடுவாரே! போகவே இல்லை. பொறுமையிழந்த சிர், 1931-ல் தானே கவர்னராகப் பதவிப்பிரமாணம் எடுத்துக்கொண்டார். லாங் தலைமைச் செயலகத்தைச் சுற்றித் துருப்புகளை நிறுத்திவிட்டு ஒரு சட்ட நுணுக்கம் சொன்னார்: கவர்னர் என்று பிரமாணம் எடுத்ததால் சிர் துணை கவர்னர் பதவியை இழந்துவிட்டார்; கவர்னர் பதவி காலி இல்லாததால் அதுவும் இல்லை. பாவம், ஒரே பிரமாணத்தில் இரண்டு பதவியும் போன ஒரே மனிதர்.

தன் ஆளை நாற்காலியில் வைத்துவிட்டு வாஷிங்டன் போனவர், அங்கிருந்தபடியே லூசியானாவை ஆண்டார். 1934-ல் பெரிய பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்கு 2 சதவீத வரி. சிக்கிய 13 பத்திரிகைகளில் 12 அவரைத் திட்டியவை. தற்செயல்தான், நம்புங்கள்! உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. 1936-ல் வரியைத் தூக்கி எறிந்தது. தீர்ப்பைத் திட்ட லாங் இல்லை. 1935 செப்டம்பரில், தானே 34 மாடிக்கு எழுப்பிய தலைமைச் செயலகத்துக்குள் சுடப்பட்டு இறந்திருந்தார்.

ரோடு போட்டாரே என்று ரசிகர்கள் கேட்பார்கள். போட்டார். புத்தகம் கொடுத்தார், மருத்துவக் கல்லூரி கட்டினார். யாரும் மறுக்க முடியாது. அந்த வேகத்தில் கணக்குக் கேட்பவன், எதிர்த்து எழுதுபவன், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரி என்று மாநிலத்தின் பிரேக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் போட்டார். ஸ்டியரிங் என்றைக்கும் தன் கையில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. 1939-ல் அவர் ஆட்களின் ஊழல் வெடித்தது. அவர் கோஷ்டியிலிருந்து வந்த கவர்னர் ரிச்சர்ட் லெஷ் ராஜினாமா செய்து பிறகு ஜெயிலுக்குப் போனார், மாநிலப் பல்கலைக்கழகத் தலைவரும் போனார். எல்லாம் இலவசம் என்று விற்ற சரக்குக்கு பில் வந்தபோது, விற்றவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.