வடம் பிடிப்போர் வகையும் 'நாம்' என்னும் சொல்லின் வழுவும்: ஓர் ஆய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது மரபு. ஆகவே இது பாயிரம்.

கூட்டாக உழைக்கும் பண்பாட்டால், வேலை தெரிந்த ஊழியருக்கு என்ன நேர்கிறது என்பதே ஆய்வுப் பொருள். களம், பழைய மகாபலிபுரம் சாலையில் மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை. இந்நிலம் எந்தத் திணை என்பதில் பூசல் உண்டு. கடல் பக்கம் என்பதால் நெய்தல் என்பர் வீட்டுத் தரகர். தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதால் பாலை என்பர் குடியிருப்போர். திணைமயக்கம் எனக் கொண்டு மேலே செல்வோம். பெரும்பொழுது, அப்ரைசல். சிறுபொழுது, அமெரிக்காவில் விடியும் நேரம். கருப்பொருள், கழுத்தில் தொங்கும் அட்டை. உரிப்பொருள், இரங்கல்.

இயல் 1: வடம்

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். கூடிய ஊரில் யார் எவ்வளவு இழுத்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் சாமி குற்றம். மாக்ஸிமிலியன் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளருக்கு அந்தப் பயம் இல்லை. 1880களில் ஆட்களைக் கூட்டிக் கயிற்றை இழுக்கவைத்து அளந்து, 1913இல் கணக்கை வெளியிட்டார். தனி ஆள் இழுப்பது 100 என்றால், இருவராகச் சேரும்போது தலைக்கு 93. மூவரானால் 85. எட்டுப் பேரானால் 49.

அறிஞர் பலர் இந்த அட்டவணையை மேற்கோள் காட்டுவர். பெருக்கிப் பார்ப்பவர் குறைவு. ஏழு பேருக்குத் தலைக்கு 56. ஏழால் பெருக்கினால் 392. எட்டுப் பேருக்குத் தலைக்கு 49. எட்டால் பெருக்கினாலும் 392. ஆக, எட்டாமவர் வந்து சேர்ந்ததால் கூடிய இழுவிசை சூனியம். எட்டாமவர் யார் என்று ரிங்கல்மான் எழுதிவைக்கவில்லை. நம் களத்தில் அவருக்குத் தனி அறை உண்டு.

1979இல் அமெரிக்க உளவியலாளர்கள் லதானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் மூவரும் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டலை ஆராய்ந்தனர். கூட்டத்தில் ஆளாளுக்குக் குறைத்தே தட்டினர், குறைத்தே கத்தினர். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, கூட்டத்தோடு கத்துவதாக நம்பவைத்துத் தனியே கத்தவிட்டாலும் குரல் குறைந்தது. இதைப் படித்ததிலிருந்து கம்பெனி ஆண்டுவிழாக் கைதட்டலை இவ்வாய்வாளர் வேறு காதால் கேட்கிறார்.

இயல் 2: வகை

வடம் பிடிப்போர் நால்வகையர்.

இழுப்பவர்: ஒருவர்.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்: எந்த மின்னஞ்சலுக்கும் "கவனித்தேன், நன்றி" என்று எல்லோருக்கும் பதில் போடுபவர்.

தேர்மேல் நிற்பவர்: எட்டாமவர் காண்க.

முட்டுக்கட்டை போடுபவர்: இவர் விஷயத்தில் தமிழுலகம் பெரும்பிழை செய்திருக்கிறது. தேரோட்டத்தில் சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத் தேரை முனை திருப்புபவரும் நிறுத்துபவரும் இவர்தான். சக்கரத்துக்கும் கைக்கும் நடுவே சாண் இடைவெளியில் செய்யும் வேலை. இவர் இல்லாவிட்டால் தேர் கடைவீதியில் ஏதாவது ஒரு கடைக்குள் போய் நிலைகொள்ளும். அப்படிப்பட்டவரின் கட்டையை எடுத்து வசைச்சொல்லாக்கிவிட்டோம். அலுவலகத்திலும் "இது புரொடக்‌ஷன்ல உடையும்" என்று முன்கூட்டிச் சொல்பவருக்கு நெகட்டிவ் ஆள் என்று பெயர். உடைந்த பிறகு அவரைத்தான் எழுப்புவார்கள்.

இயல் 3: 'நாம்'

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம்; வெளியே நிறுத்தினால் நாங்கள். பிறரை உளப்படுத்திப் பேசும் இப்பன்மையை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். நன்னூலில் பவணந்தி முனிவர் இதன் விகுதிகளை வகுத்தபோது, யாரைச் சேர்த்தாலும் பேசுபவர் தன்னோடு சேர்ப்பதாகவே வைத்தார். பேசுபவர் உள்ளே இருப்பாரா என்ற ஐயமே அவருக்கு எழவில்லை. அவர் காலத்தில் புராஜெக்ட் மேனேஜர் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை 6.40க்குப் பதிவான உரையாடல் இது:

"இந்த ரிலீஸை நாளைக்குள்ள நாம முடிச்சிடலாம்ல பா?"

"பண்ணிடலாம் சார்."

6.45க்கு முதலாமவர் வேளச்சேரி போகும் காரில் இருந்தார். இரண்டாமவர் விடியற்காலை 3.10 வரை நாற்காலியில் இருந்தார். எனில் அந்த 'நாம'வுக்குள் இருந்தவர் யார்? கேட்டவர் ஒருவர் மட்டுமே. பேசியவர் சொல்லை உள்ளே வைத்துவிட்டுத் தான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நன்னூலார் காணாத இவ்வடிவத்துக்குத் 'தன்னை விலக்கிய உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்று பெயரிடுகிறோம். இதன் விகுதி '-லாம்'. '-ல பா' அசைநிலை. கேட்பவர் அசையும்வரை வரும்.

இதில் உரைகாரர் மாறுபடுவர். கேன்டீன் உரை இதை முன்னிலை ஏவல் என்றே கொண்டு, 'நாம' என்பது 'நீ' என்பதன் மரியாதை வடிவம் என முடிக்கும். லிஃப்ட் சுவடி (மூன்றாம் தளத்துக்கும் ஏழாம் தளத்துக்கும் நடுவில் கிடைத்தது, தொடக்கத்தைக் கூரியர்காரரும் இறுதியைக் கதவும் சிதைத்துவிட்டனர்) 'மேனேஜர் மனத்தால் உடனிருந்தார்' என்று வழுவமைதி கூறும். அதை மறுக்க எழுந்த பார்க்கிங் உரை 'மனம் இருந்தது மெய்யெனில் போனை ஏன் எடுக்கவில்லை' என ஒரே வினாவில் நிற்கும். அம்மறுப்பை மறுத்து ஏழாம் தளத்தார் எழுதிய விளக்கவுரை 140 ஸ்லைடுகள் கொண்டது. ஸ்லைடு 9இல் வலைப்பின்னல் அறுந்ததால் எஞ்சியதைக் கண்டவர் இல்லை, ஆயினும் எல்லோரும் மேற்கோள் காட்டுவர். இவற்றுக்கெல்லாம் மூத்ததாக, பேஸ்மென்டில் காவலாளியின் பதிவேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று உள்ளது: 'சார் 6.45'. மூலபாட ஆய்வில் இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆகவே அறிஞர் எவரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

இச்சொல் காலத்துக்கேற்பத் திரியும் முறை வருமாறு. வேலைக்கு முன் நாம். முடிந்த பின், கிளையன்ட் எதிரில் நாங்கள். பாராட்டு வந்தால் நான். உடைந்தால் நீ. பெரிதாக உடைந்தால் 'டீம் சொதப்பிடுச்சு'. உயர்திணை முழுவதும் அஃறிணை ஒருமையாகச் சுருங்கும் இடம் இது.

கிளையன்ட் கூட்டங்கள் ஏன் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்பதும் இங்கே விளங்கும். கிளையன்டுக்குத் தமிழ் தெரியாது என்பது மேலோட்டமான ஆய்வாளர் கூற்று. ஆங்கிலத்தின் 'வீ'க்குள் யார் உண்டு, யார் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழில் வாயைத் திறந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆய்வுலகம் இதற்கு விலக்கன்று. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். ஆய்வுக்கு 9, பெயர்களுக்கு 24. அங்காவது அத்தனை பேர் கூடிக் கருவியைக் கட்டிக் காத்தார்கள். நம்மூரில் மாணவி ஒருத்தி எழுதிய எட்டுப் பக்கத்துக்கு முதலில் நெறியாளர் பெயர், அடுத்துத் துறைத்தலைவர் பெயர், மூன்றாவதாகப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைகிற யாரோ ஒருவர் பெயர். கட்டுரை தொடங்குவது 'நாங்கள் ஆராய்ந்தோம்' என்று.

இயல் 4: விளைவு

இழுப்பவருக்கு நேர்வன மூன்று.

முதலாவது, வேலையை முடித்ததற்குப் பரிசாக வேலை.

இரண்டாவது, சொல்லித்தருதல். ஐபிஎம்மில் பட்டறிந்ததை 1975இல் நூலாக்கிய பிரெடரிக் புரூக்ஸ், தாமதமான மென்பொருளுக்கு ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்றார். புதியவருக்குப் பழையவர் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லித்தர வேண்டும். அதோடு ஆளுக்கு ஆள் பேசித் தீர்க்கும் பேச்சும் பெருகும். எட்டுப் பேர் என்றால் 28 ஜோடி. அதில் ஏழில் இழுப்பவர் இருப்பார். மற்ற 21இல் அவரைப் பற்றிப் பேசப்படும்.

மூன்றாவது, அப்ரைசல். அங்கே அவருக்குச் சொல்லப்படுவது, "உங்க வேலையில குறையே இல்ல. ஆனா டீமோட ஒட்டமாட்டேங்கறீங்க." இருபத்தொரு பேச்சின் சாரம் இது.

இதன்பின் நடப்பதை 1983இல் நார்பர்ட் கெர் சோதித்திருக்கிறார். கூட்டாளிக்கு முடியும், ஆனாலும் அவர் சும்மா இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், உழைத்துக்கொண்டிருந்தவரும் குறைத்துக்கொள்கிறார். ஏமாளியாவதைவிட எல்லோருமாகத் தோற்பது மேல் என்று மனித மனம் கருதுகிறது. சோம்பலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சோம்பேறிக்குத் தூக்கம் வரும். இவருக்கு அது போய் வருடமாகிறது.

அவ்வாறே நம் ஆய்வுக்குரியவரும் ஒரு திங்கட்கிழமை வடத்தை மெல்ல விட்டார். விரல் நுனி மட்டும் மேலே இருந்தது. "கவனித்தேன், நன்றி" என்று எல்லோருக்கும் பதில் போட்டார். அந்த ஆண்டு விழாவில் சிறந்த டீம் பிளேயர் கேடயம் அவருக்கு. அரங்கமே கைதட்டியது, ஆளாளுக்குக் கொஞ்சம் குறைத்து.

முடிபு

தேர் நிலைக்கு வந்ததா என்பது இன்னும் ஆராயப்படவில்லை. அதற்கு ரிலீஸ் தேதிகள், உடைந்தவற்றின் பட்டியல், காவலாளியின் பதிவேடு மூன்றையும் ஒப்பிட வேண்டும். இதை நாம் சேர்ந்து செய்துவிடலாம். வாசகர் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும்.