பக்தர் பராக்!

ஆப்பிள் பக்தரின் கருத்து மாறுவதே இல்லை, கம்பெனிதான் மாறிக்கொண்டிருக்கிறது. 2016இல் ஐபோன் 7இல் இயர்போன் துளையை அடைத்தார்கள்; துணிச்சல் என்றார். (கம்பெனியும் அதையேதான் சொன்னது, தற்செயல்!) 2020இல் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தார்கள்; பூமி பிழைத்தது என்று கண்கலங்கினார். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய சார்ஜர் இன்னொரு பெட்டியில் வந்ததைப் பூமி கவனிக்கவில்லை போலும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் வருஷக்கணக்காகப் பயன்படுத்திய டைப்-சி, ஐரோப்பியச் சட்டம் நெருக்கியதால் 2023இல் ஐபோனுக்கும் வந்தது, புரட்சி என்றார்.

நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டு பகிர்வுக்குக் கட்டுப்பாடு போட்டபோது மட்டும் கொதித்துவிட்டார். கணக்கு மச்சினனுடையது.

விளம்பரத் தொல்லைக்காகவே கேபிளை வெட்டியவர், இப்போது அமேசான் பிரைமில் சந்தாவும் கட்டி விளம்பரமும் பார்க்கிறார். நீங்கள் எதற்கும் கேபிள்காரர் நம்பரை அழித்துவிடாதீர்கள்.