மயிலாப்பூருக்கு வழிகாட்டி, வீட்டுக்கு எடுபிடி

ஒருவர் தன் ஊர் வரலாற்றைக் காசு வாங்காமல் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறார் என்றால், வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று தாராளமாக முடிவு கட்டலாம். என்னைத் தெரிந்தவர்கள் இதற்கு மேல் ஆதாரம் கேட்க மாட்டார்கள். வீட்டில் நான் "ஒரு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் மிக்ஸி ஓடத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் குளக்கரையில் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னால் இருபது பேர் கைபேசியை இறக்கிவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். இந்தச் சுகத்துக்குச் சம்பளம் வேறு கேட்பது அநியாயம்.

மாமனாருக்கு இது பிடிபடவில்லை. மனிதர் எம்டன். "ஒரு நடைக்கு எவ்வளவு தர்றாங்க மாப்பிள்ளை?" என்றார். ஒன்றும் தருவதில்லை, தொண்டுதான் என்றேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பரண்ல ஒட்டடை தொங்குது. அதுக்கும் ஒண்ணும் தரமாட்டேன். அதையும் தொண்டுல சேர்த்துக்கச் சொல்லுங்கப்பா."

பழி என்னுடையது மட்டுமல்ல. 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த நாளைச் சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாட 2004-ல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் வழி செய்தார்கள். அன்றிலிருந்து ஆகஸ்ட் வந்தால் ஜார்ஜ் டவுனில் ஒருவர், திருவல்லிக்கேணியில் ஒருவர், ராயபுரம் ரயில் நிலைய வாசலில் ஒருவர் என்று என்னைப் போன்றவர்கள் தொப்பியோடு முளைத்துவிடுகிறோம். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் வந்து பாடிய மயிலாப்பூர், 1639-ல் பிறந்த மெட்ராசுக்காகக் கேக் வெட்டுவது, பேரன் பிறந்தநாளில் பாட்டி பலூன் ஊதுவது போல்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. நானும் ஊதுகிறேன்.

சம்பந்தர் கதையில்தான் நடை சூடு பிடிக்கும். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை, குடத்தில் வைத்திருந்த எலும்பிலிருந்து அவர் பாடியே எழுப்பினார் என்று உருக்கமாகச் சொல்வேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் மகனைப் படுக்கையிலிருந்து எழுப்ப நானும் பாடிப் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்வதில்லை.

அடுத்தது ராஜகோபுரம். அண்ணாந்து பார்த்துவிட்டு யாராவது, "ஆயிரம் வருஷம் இருக்குமா சார்?" என்பார். 1906 என்பேன். அத்தனை முகங்களும் தொங்கிப்போகும். சம்பந்தர் பார்த்த கோயில் கடலோரம் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்தது, இங்கே இருப்பது பிறகு எழுந்தது, பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோமில் கிடைத்தன என்று நான் விளக்குவதற்குள் கூட்டத்தில் பாதி என்னை நாத்திகன் என்று தீர்மானித்துவிடும். மீதிப் பாதி ராயர் மெஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

லஸ் சர்ச்சில் தப்பித்துக்கொள்ளலாம். அங்குள்ள கல்வெட்டு 1516 என்கிறது. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் ஓர் ஒளியைப் பின்தொடர்ந்து வந்து கரையேறிய இடம் என்பது ஐதிகம். சுற்றிலும் காடாக இருந்ததால் மக்கள் அதைக் காட்டுக் கோயில் என்றார்கள். 1516-ஐக் கேட்டதும் கூட்டம் என்னை மன்னித்துவிடும். உடனே அந்தக் கேள்வி வரும்: "இங்கேருந்து கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருக்காமே?" கோயிலோ, சர்ச்சோ, பங்களாவோ, பழைய கட்டடம் என்றால் நம் ஆட்களுக்குக் கீழே ஒரு சுரங்கம் ஓடியே ஆகவேண்டும். நான் எதையும் பார்த்ததில்லை என்றால், "அடைச்சுட்டாங்க சார்" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார்கள்.

இப்படி ஓரளவு மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் என் மனைவி ஒரு ஞாயிறு கூடவே வந்தாள். தெற்கு மாட வீதியில் காய் வாங்க வேண்டுமாம். கழுத்தில் ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டு, மாட வீதியின் பழைய திண்ணை வீடுகளைப் பற்றி நான் முழங்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாக, "அதோ அந்த ஃப்ளாட் இருக்கே, அங்கேயும் திண்ணை வீடுதான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் கோர்ட்ல கேஸ். கேஸ் நடந்த வரைக்கும் யாரும் இடிக்க முடியல. தீர்ப்பு வந்துச்சு, ஃப்ளாட்டும் வந்துச்சு" என்றாள்.

கூட்டம் அப்படியே அவள் பக்கம் நகர்ந்தது. எந்த வீட்டில் யார் பாட்டு வாத்தியார், எந்தக் கிணறு எப்போது தூர்ந்தது, எந்தக் கடை யார் கைக்கு மாறியது, எந்தப் பெரியவர் அறுபத்து மூவர் திருவிழாவில் நீர்மோர் கொடுக்கிறார் என்று அவள் பேரம் பேசியபடியே சொல்லிக்கொண்டு போக, கல்லூரிப் பையன்கள் குறிப்பெடுத்தார்கள். கத்தரிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக நான் நடந்தேன். மனசாட்சிப்படி சொன்னால், அன்று கேட்டதுதான் நல்ல சரித்திரம். இந்த ஊரில் பழைய வீடுகளைச் சட்டம் காப்பாற்றியதைவிடப் பங்காளிச் சண்டை காப்பாற்றியது அதிகம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது நடைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள், "ஆன்ட்டி வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அவள் வருவது காய் தீர்ந்திருந்தால் மட்டும்.

வரும் ஆகஸ்டில் நீங்களும் வரலாம். ஆறரை என்றால் ஆறரைக்கே வந்துவிடுங்கள், எட்டுக்கு மேல் வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர், ஒரு துணிப்பை கொண்டு வாருங்கள். கட்டணம் கிடையாது. சுரங்கமும் கிடையாது.