ஐந்து லட்சம் முதலாளிகளும் ஒரு நாலாம் ரவுண்டு பையனும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். எலும்பை நடுக்கும் குளிர், மலை மலையாகச் சீஸ், பேக்கர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி. ஊரின் சொத்துப் பட்டியல் இத்துடன் முடிந்தது. அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். பங்குக்கு லாபம் வராது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். மாட்டியவர்கள் எல்லாரும் தங்களை முதலாளி என்றே மனதார நம்புகிறார்கள். அந்த முதலாளித்துவத்தை அவர்கள் முழுமூச்சாகச் செலுத்துவது வருடத்தில் ஒரு நாள்தான்: ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில், நாலாம் ரவுண்டில் எடுத்த ரிசீவரைப் பற்றிச் சண்டை போடும்போது.

ரிசீவர் என்பவர் குவார்ட்டர்பேக் வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவர். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை 32 அணிகள் வரிசை வைத்துப் பொறுக்கியெடுக்கும் மூன்று நாள் வைபவத்துக்கு டிராஃப்ட் என்று பெயர். மொத்தம் ஏழு ரவுண்டு. முதல் நாளே நட்சத்திரங்கள் போய்விடுவார்கள். சனிக்கிழமை மிஞ்சுகிறவர்களுக்கு 'டெவலப்மென்டல்' என்று பட்டம் சூட்டுவது வழக்கம். உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, பந்து பிடிப்பது மட்டும் போகப்போக வந்துவிடும் என்று அர்த்தம். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த சித்தப்பா, "பையன் தங்கமான பையன், வேலைதான் இன்னும் அமையலை" என்பாரே, அந்த ரகம்.

இந்தச் சண்டையின் ஸ்தல புராணம் 1935-இல் தொடங்குகிறது. அப்போது டிராஃப்டே கிடையாது. அலபாமா கல்லூரியின் டான் ஹட்சன் பேக்கர்ஸிடமும் கையெழுத்துப் போட்டார், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற ஃபுட்பால் அணியிடமும் போட்டார். இரண்டு ஒப்பந்தமும் லீக் தலைவர் ஜோ கார் மேஜைக்கு வந்து சேர்ந்தன. எந்த உறையில் தபால் முத்திரை முந்தி விழுந்ததோ அந்த அணிக்கே ஆள் என்று அவர் தீர்ப்புச் சொன்னதாகவும், கிரீன் பே உறை 17 நிமிடம் முந்தியதாகவும் கதை. வரலாற்றாசிரியர்கள் அந்த 17 நிமிடத்தைச் சந்தேகப்படலாம். பேக்கர்ஸ் ரசிகர்கள் சந்தேகப்படுவதில்லை. ஹட்சன், எதிராளியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கும் டச்டவுன் பந்துகளை 99 முறை பிடித்துவிட்டு 1945-இல் ஓய்வு பெற்றார். அந்தச் சாதனையை உடைக்க 1989 வரை ஆள் வரவில்லை. ஆக, கதை உண்மையென்றால், கிரீன் பேக்கு வாய்த்த மிகச் சிறந்த தேர்வாளர் பெயர் தெரியாத ஒரு தபால் குமாஸ்தா.

ஹட்சன் வந்த அடுத்த வருடமே, 1936 பிப்ரவரியில், பிலடெல்பியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒரு கரும்பலகை, அதில் 90 பெயர்கள். முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், முந்தைய வருடக் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலிடத்துக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். அவர் என்ன செய்தார்? சம்பளம் படியவில்லை என்று நுரை ரப்பர் விற்கப் போய்விட்டார். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. டிராஃப்ட் என்ற ஏற்பாட்டுக்கு முதல் போணியே இந்த லட்சணம். அன்றைக்கே கரும்பலகையை மடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை, கூடவே சண்டையும் வளர்ந்தது.

1999-இல் பேக்கர்ஸ் ஏழாம் ரவுண்டில், 213-ஆவது ஆளாக, ஆல்கார்ன் ஸ்டேட் கல்லூரியின் டொனால்டு டிரைவரை எடுத்தது. ஏழாம் ரவுண்டு ஆளைப் பற்றி யாரும் சண்டைகூடப் போடுவதில்லை. அவரோ 14 சீசன் ஆடி, பந்து பிடித்தே 10,137 கெஜம் முன்னேறி, அணியின் சாதனைப் புத்தகத்தில் முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கிரீன் பேயின் நிம்மதி அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு எந்த ரிசீவரைக் குறை சொன்னாலும் எதிராளியின் கையில் 213 என்ற துருப்புச் சீட்டு இருக்கும். உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

"ஆறடி நாலு அங்குலம் ஐயா! 40 கெஜத்தை 4.37 விநாடியில ஓடறான்."

"எங்கே ஓடறான்? கீழே போட்ட பந்தை எடுக்கவா?"

"கத்துக்குவான்."

"இதையேதான் போன வருஷப் பையனுக்கும் சொன்னே."

"டிரைவர் கத்துக்கலையா?"

குறை சொன்ன பெரியவர் வாயடைத்துப் போவார். அடுத்த ரவுண்டு பியர் அவர் கணக்கில் ஏறும்.

துருப்புச் சீட்டின் உச்சகட்ட ஆட்டம் ஜெஃப் ஜானிஸ். 2014-இல் ஏழாம் ரவுண்டு, 236-ஆவது ஆள். மிச்சிகனில் சாகினா வேலி ஸ்டேட் என்ற, பலர் வரைபடத்தில் தேட வேண்டிய கல்லூரி. ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரைக் குலதெய்வமாக்கிவிட்டது: "ஜானிஸை இறக்கு!" பயிற்சியாளர்கள் இறக்கவில்லை. 2015 சீசன் முழுக்க அவர் பிடித்த பந்து இரண்டே இரண்டு.

2016 ஜனவரி 16. அரிசோனாவில், தோற்றால் வெளியேறும் பிளே-ஆஃப் ஆட்டம். முன்னணி ரிசீவர்களில் ஜோர்டி நெல்சன் காயம், டவான்டே ஆடம்ஸ் காயம், ஆட்டத்தின் நடுவில் ராண்டல் காப்புக்கும் காயம். வேறு வழியில்லாமல் ஜானிஸ் களத்தில். பேக்கர்ஸ் ஏழு புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. கடைசி வாய்ப்பு, 20 கெஜம் தேவை. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் சொந்த எல்லைக் கோட்டுக்குப் பின்னாலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி ஒரு பந்து. ஜானிஸ் பிடித்தார், 60 கெஜம். கடைசி விநாடிகளில் 41 கெஜத் தூரத்திலிருந்து இன்னொன்று. இரண்டு எதிராளிகளுக்கு நடுவே எம்பிப் பிடித்தார். டச்டவுன்! ஆட்டம் சமன். விஸ்கான்சின் முழுக்க, "நான்தான் சொன்னேனே!" என்ற ஓலம்.

அடுத்தது கூடுதல் நேரம். நடுவர் நாணயத்தைச் சுண்டினார். அது சுழலவே மறுத்து, போன மாதிரியே தரைக்கு வந்தது. மறுபடி சுண்டினார். அரிசோனா ஜெயித்து, பந்தை வாங்கி, தன் ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு வழியாகக் கதையை முடித்துவிட்டது: 26-20. ராட்ஜர்ஸ் கைக்குப் பந்து வரவே இல்லை. ஜானிஸ் அந்த ஒரு ராத்திரியில் எடுத்தது 145 கெஜம். நான்கு வருட வழக்கமான சீசன் ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து எடுத்தது 200. "வாய்ப்புக் கொடுக்கவில்லை" என்பது ஒரு கட்சி, "கொடுத்த வரைக்கும் போதும்" என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் நிலுவையில்.

2018-இல் அணி நிர்வாகம் ரசிகர்களின் கஷ்டத்தைப் பார்த்து, ஒன்றுக்கு மூன்றாக ரிசீவர்களை எடுத்துக் கொடுத்தது. நாலாம் ரவுண்டில் 133-ஆவதாக ஜேமோன் மூர். ஐந்தாவதில் 174-ஆவதாக, மேலே சொன்ன 4.37 விநாடிக்காரர், மார்க்கெஸ் வால்டெஸ்-ஸ்காண்ட்லிங். ஆறாவதில் 207-ஆவதாக ஈக்வனிமியஸ் டிரிஸ்டன் இம்ஹோடெப் ஜே. செயின்ட் பிரவுன். முதலாளிகள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். மூன்றாவது கட்சிக்காரர்களுக்குக் கோஷம் போட மூச்சுப் பிடித்திருக்க வேண்டும்.

மூவரில் மேலானவர் என்று முதலில் எடுக்கப்பட்ட மூர் பிடித்த பந்துகள் மொத்தம் இரண்டு, 15 கெஜம். 2019 சீசன் தொடங்குமுன் மூட்டையைக் கட்டிவிட்டார். வால்டெஸ்-ஸ்காண்ட்லிங் 2020-இல் ஒரு பந்துக்குச் சராசரி 20.9 கெஜம் என்று லீக்கிலேயே முதலிடம். இடையிடையே கைக்கு வந்ததைத் தரைக்கும் தானம் செய்தார். 2021 ஜனவரியில் டாம்பா பேக்கு எதிரான அரையிறுதியில் அவர் 115 கெஜம் எடுத்தார். அதே ஆட்டத்தில் இரண்டு புள்ளி வாய்ப்பு ஒன்று ஈக்வனிமியஸ் கையில் பட்டுக் கீழே விழுந்தது. பேக்கர்ஸ் தோற்றது. பிறகு வால்டெஸ்-ஸ்காண்ட்லிங் கேன்சஸ் சிட்டிக்குப் போய், லீக் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றவர்களுக்கான மோதிரம் இரண்டு வாங்கிக்கொண்டார். வளர்த்தது ஓரிடம், அறுவடை வேறிடம்.

ஈக்வனிமியஸுக்கு ஒரு தம்பி: அமோன்-ரா. 2021-இல் அவரும் டிராஃப்டுக்கு வந்தார். அண்ணனை வீட்டிலேயே வைத்திருந்த பேக்கர்ஸ், மூன்றாம் ரவுண்டில் இன்னொரு தேர்வையும் கூடக் கொடுத்து, முண்டியடித்து மேலேறி, 85-ஆவதாக எடுத்தது அமாரி ராட்ஜர்ஸை. தம்பி 112-ஆவதாக, அதே பிரிவிலுள்ள பகையாளி டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். அமாரி பந்துகளை நழுவவிட்டு 2022 நவம்பரில் நீக்கப்பட்டார். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் அமோன்-ரா மனப்பாடமாக ஒப்பிப்பார். 2024-இல் அவர் போட்ட ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 12 கோடி டாலர்.

2025 டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. லம்போ மைதான வாசலில் பேக்கர்ஸ் 23-ஆவதாக மாத்யூ கோல்டனை அறிவித்தபோது ஊரே அதிர்ந்தது; 2002-க்குப் பிறகு முதல் ரவுண்டில் எடுத்த முதல் ரிசீவர். மறுநாள் மூன்றாம் ரவுண்டில் சாவியன் வில்லியம்ஸையும் எடுத்தார்கள். கோல்டன் விஷயத்தில் எல்லாரும் ஒருமனதாக மகிழ்ந்துவிட்டதால் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. வில்லியம்ஸ் வந்த பிறகுதான் ஊருக்கு உயிர் வந்தது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், 133-ஆவது ஆள் இரண்டு பந்து பிடித்தார். 2022-இல் அதற்கு ஓர் இடம் முன்னால், 132-ஆவதாக வந்த ரோமியோ டோப்ஸ், டாலஸில் ஒரே பிளே-ஆஃப் ஆட்டத்தில் 151 கெஜம் எடுத்தார். 213-ஆவது ஆள் சாதனை படைத்தார். ஏப்ரலில் யாருக்கும் எதுவும் தெரியாது. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் நிபுணருக்கும், பியர் கையோடு கத்துகிறவருக்கும் வித்தியாசம் சம்பளம் மட்டுமே. எனவே அடுத்த டிராஃப்ட் முடிந்த கையோடு யாராவது உங்களிடம், "இந்தப் பையன் நிச்சயம் தேறுவான்" என்று சத்தியம் செய்தால், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.