தோன்றா எழுவாய்

எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. இடுப்பளவு ஆழம். அதற்குள் யாரோ ஒரு முருங்கைக் கிளையை நட்டு, நுனியில் சிவப்பாக ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இஸ்திரி வண்டிக்காரர்தான். இந்த நாற்பது நாளில் எங்கள் வட்டாரத்தின் பொதுமக்கள் பாதுகாப்புக்காக நடந்த ஒரே வேலை அது. அவருக்கு ஜீப் கிடையாது, டவாலி கிடையாது, ஆய்வுக் கூட்டத்து முந்திரி பக்கோடா கிடையாது.

பள்ளம் யாருடையது என்று விசாரிக்கக் கிளம்பினேன். தண்ணீர் ஆபீஸில், "குழாய் எங்களுதுதான் சார். வேலை முடிஞ்சுதுன்னு லெட்டர் குடுத்துட்டோம். மூட வேண்டியது ரோட்டுக்காரங்க" என்றார்கள். ரோட்டுக்காரர்களிடம் போனேன். "ரோடு கட் பணத்தையே அவங்க இன்னும் கட்டல. அதுவுமில்லாம கரண்ட் ஆபீஸ் கேபிளுக்குத் தோண்டப் போறாங்க. இப்ப மூடி என்ன பிரயோஜனம்?" கரண்ட் ஆபீஸில், "மெட்டீரியல் வரல." மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. காவல் நிலையத்தில் மட்டும் மனமிரங்கி ஒரு பேரிகேட் தந்தார்கள். அதன் நெற்றியில் நகைக்கடை விளம்பரம்: "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை." மூன்றாம் நாள் ஒரு தலைவர் அந்த வழியாகப் போனார். அவரை எங்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பேரிகேட்டைத் தூக்கிப்போய்விட்டார்கள். கிளை நின்றது.

துறைகளுக்குள் ஒருங்கிணைப்பே இல்லை என்று வருடா வருடம் மழைக்கு முன்னால் தலையங்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அபாண்டம். ஒருங்கிணைப்பு பிரமாதமாக இருக்கிறது. முதலில் ஒரு உயிர் போக வேண்டும், அவ்வளவுதான்.

2019 அக்டோபர் 25, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பிள்ளை விழுந்தான். தீயணைப்பு, வருவாய், காவல், சுகாதாரம், மாநிலப் பேரிடர் படை, தேசியப் பேரிடர் படை, ரிக் இயந்திரங்கள், அமைச்சர்கள், நேரலை வேன்கள், எல்லாம் ஒரே வயற்காட்டில். அந்தத் தீபாவளியைத் தமிழ்நாடு டிவி முன்னால்தான் கழித்தது. 29ஆம் தேதி விடியுமுன் வந்தது உடல்தான். தூக்கமில்லாமல் தோண்டியவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் 2010லேயே உச்ச நீதிமன்றம் எழுதி வைத்திருந்தது: கிணறு தோண்ட 15 நாள் முன்பே தகவல் கொடு, சுற்றிலும் முள்வேலி போடு, வாய்க்கு இரும்பு மூடி போடு, கைவிட்டால் அடியிலிருந்து மேல்வரை மண்ணோ கல்லோ கொட்டி நிரப்பு, இதையெல்லாம் கலெக்டர் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்பது வருடம். ஒரு மூடி, சில வண்டி மண். அதற்கு ரிக் தேவையில்லை, அமைச்சர் தேவையில்லை. நேரலையும் வராது என்பதுதான் இடித்திருக்கும்.

அதே 2019, செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில் அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அடுத்த சில நாள் நகரத்தில் பேனரைப் பிடுங்குவதற்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. மூன்றே வாரம். அரசே உயர் நீதிமன்றப் படியேறி நின்றது: மாமல்லபுரம் வரும் பிரதமரையும் சீன அதிபரையும் வரவேற்க பேனர் வைக்க வேண்டும், அனுமதி கொடுங்கள். பெற்றவர்களுக்குக் காரியம் முடிந்த ஈரம் காய்ந்திருக்குமா? சீன அதிபர் நம் ஃபிளெக்ஸைப் பார்க்காமல் திரும்பிப்போயிருந்தால் எந்த எல்லைப் பிரச்சினை முற்றியிருக்கும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில், ராத்திரியில், ஒரு இளம் பத்திரிகையாளர். போதும், எழுதக் கை கூசுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையைத் தரப்படி அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டு அதனால் உயிர் போனால், பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் போடாதவனுக்கு 1000 ரூபாய். ஆயிரம் கட்டியவர்களை வரிசையில் நிறுத்தினால் கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலில் இறங்க வேண்டியிருக்கும். லட்சம் கட்டிய பொறியாளர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் சொல்லுங்கள், ஆளுயர மாலையோடு வருகிறேன்.

சாலைப் பாதுகாப்புக்கென்று கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழுவும் உண்டு. கூட்டம் முடிந்து வரும் செய்திக்குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? "விரைந்து முடிக்க அறிவுறுத்தப்பட்டது. ஒருங்கிணைந்து செயல்பட வலியுறுத்தப்பட்டது. தடுப்புகள் அமைக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டது." யார் அறிவுறுத்தினார், யார் அமைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள்? பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா தோன்றா எழுவாய் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். உதாரணம் கேட்டால் இன்று நான் அரசாங்கத்தின் மொத்தக் கோப்பையும் கொடுப்பேன். பள்ளம் தோண்டப்பட்டது, மூடப்படும். இடையில் விழுகிறவனுக்கு மட்டும் பெயர், வயது, தகப்பன் பெயர், போஸ்ட்மார்ட்டம் நம்பர் எல்லாம் உண்டு.

போன வாரம் இரண்டு நாள் மழை. முருங்கை லேசுப்பட்டதா, கணுவுக்குக் கணு துளிர்விட்டது. திங்கட்கிழமை காலை கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுத்தார். அப்பாடா என்று இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிட்டே போனார்.

"இது நீ நட்டதா?"

"ஆமாங்க."

"பொது இடத்துல மரம் நட யாருகிட்ட பர்மிஷன் வாங்குன?"