ஓசி மருந்து

என்னடா பேராண்டி, லேப்டாப்பு வாங்கப் போறியாமே! ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள இருக்கணும், கீபோர்டுல கலர் கலரா விளக்கு எரியணும், நாலு வருசம் படிப்பு முடியிற வரைக்கும் ஓடணும், வைரஸும் வரக்கூடாதாம். படு, நல்லா ஆசைப்படு. ஆசைக்கு இன்னும் எஸ்எஸ்டி வரி போடல.

எனக்கென்ன தெரியும்? நான் கித்தா மரம் சீவினவன். நீ உப்சியில தமிழ் வாத்தியாருக்குப் படிக்கிறவன். 1922ல சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியா ஆரம்பிச்சு, 1997ல பல்கலைக்கழகமான இடம். அது இருக்கிற தஞ்சோங் மாலிம்ல வாத்தியாருக்குப் பஞ்சமே இல்ல. அதனால படிச்ச நீயே சொல்லு: கடைக்குப் போனா லேப்டாப்பைப் பாப்பியா, அதுமேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாப்பியா?

ஏன் கேக்கறேன்னா, உன் கூட்டாளி ஒருத்தன் பழைய லேப்டாப்பு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தான். "தாத்தா, ஐ7! சும்மா எழுநூறு வெள்ளி!" அப்படின்னான். ஐ7க்குப் பின்னாடி என்ன நம்பருன்னு கேட்டேன். 4600ன்னு படிச்சான். முதல்ல நிக்கிற அந்த நாலுதான் தலைமுறை. 2013ல வந்த சரக்கு. இன்டெல்னா எட்டாந் தலைமுறையாவது இருந்தாத்தான் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் தலையாட்டுவான். விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட ஆதரவை நிறுத்திட்டான். புள்ள பெருமையா வாங்கிட்டு வந்தது, கதவு இல்லாத வீடு. லினக்ஸ் போட்டுக் குடுத்தா இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். ஆனா ஐ7 ஸ்டிக்கரைப் பாத்து மயங்கினவன் லினக்ஸ் பக்கம் எங்க வரப் போறான்?

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதுதான். காசு குடுத்து வாங்கறதுக்குப் பாக்காம விட்டா உன்னை என்னன்னு சொல்றது? ராம் 8 ஜிபிக்குக் குறைஞ்சா வேணாம். 16 கிடைச்சா நல்லது. பின்னால கூட்டிக்க முடியுமா, இல்ல போர்டோட பத்தவெச்சிட்டானான்னு கேளு. சேமிப்புக்கு எஸ்எஸ்டி, 256 ஜிபிக்கு மேல. (வரிக்கும் அதே பேருதான், பயப்படாதே, இது வேற.) மலிவா ஒண்ணு 64 ஜிபியில வரும். விண்டோஸ் 11க்கு வேணுங்கிற குறைஞ்ச இடமே 64 ஜிபி. விண்டோஸ் உள்ள குடியிருக்கும், உன் அசைன்மென்ட் வாசல்ல நிக்கும், அப்டேட்டு இடமில்லாம திரும்பிப் போயிரும். கீபோர்டு விளக்கு உனக்கு மார்க்கு போடாதுடா.

கொம்யூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் லோயாட் பிளாசா போனாலும் சரி, இங்கேயே வாங்கினாலும் சரி, ரசீதை மட்டும் தொலைக்காதே. வாரண்டிக்கும் அதுதான், உங்க அப்பன் வரிக்கும் அதுதான். வாழ்க்கைமுறைக் கழிவுன்னு புத்தகம், கணினி, கைப்பேசி, இன்டர்நெட் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரைக்கும் கழிக்கலாம், பிள்ளைக்கு வாங்கினாலும் உண்டு.

சரி, வாங்கியாச்சு. இனிமேதான் உன் சாமர்த்தியம் வெளிய வரும். ரெண்டாயிரம் வெள்ளி மிஷினுக்கு ஓசியில ஆபீஸ் தேடுவ. கூட்டாளி ஒரு 'கிராக்' அனுப்புவான், பூட்டை உடைக்கிற திருட்டுச் சாவி. விண்டோஸோட காவல்காரன் டிஃபெண்டரை நிறுத்திட்டுத்தான் இதை ஓட்டணும்னு அதுலயே எழுதியிருக்கும். காவலை நிறுத்தச் சொல்ற வேலை என்ன வேலையா இருக்கும்னு வாத்தியாருக்குப் படிக்கிறவன் யோசிக்க வேணாமா? மாணவருக்கு ஆபீஸ் இலவசமா உண்டான்னு பல்கலைக்கழகத்துலயே ஒரு வார்த்தை கேளு. இல்லைன்னா லிப்ரே ஆபீஸ் இருக்கு, யாரும் திருடாமலே இலவசம்.

அப்புறம் அந்தப் பென்டிரைவ். போட்டோஸ்டாட் கடைக் கணினியில குத்தி, கூட்டாளி கணினியில குத்தி, கடைசியில உன்னதுல குத்துவ. தோட்டத்துல வெள்ளை வேர் நோய்னு ஒண்ணு உண்டு. மேல பாத்தா மரம் பச்சையா நிக்கும். மண்ணுக்குள்ள நோய் பிடிச்ச வேரு பக்கத்து மரத்து வேரைத் தொட்டுத் தொட்டுப் பரவிக்கிட்டே போகும். இலை மஞ்சளாகி நம்ம கண்ணுக்குத் தெரியறப்ப வேரு அழுகியிருக்கும். அதனாலதான் நடுவுல பள்ளம் வெட்டி வேரோட வேரு படாமப் பிரிச்சு வெப்போம். நீயும் பிரிச்சு வை. அச்சடிக்கறதை ஈமெயில்ல அனுப்பு. குத்தித்தான் ஆகணும்னா திறக்கறதுக்கு முன்னாடி டிஃபெண்டரை விட்டு ஸ்கேன் பண்ணு.

டிஃபெண்டர் விண்டோஸோடவே வருது, தனிக்காசு கிடையாது. அப்டேட்டும் ஓசிதான். ஆனா அது 'ரீஸ்டார்ட்' கேட்டா உனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும், 'அப்புறம் பாக்கலாம்'னு தள்ளுவ. 2017 மார்ச்சுல மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைச்சு ஓசியா அப்டேட் குடுத்தான். உலகம் பூரா நிறைய பேரு உன்னை மாதிரியே தள்ளிப் போட்டாங்க. மே 12ஆம் தேதி 'வன்னாக்ரை'ங்கிற கெட்ட நிரல் அதே ஓட்டை வழியா நுழைஞ்சுது. கோப்புகளையெல்லாம் பூட்டிட்டு 300 டாலர் கேட்டுச்சு. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்களே தடுமாறிப் போச்சு. ஓசியா வந்த மருந்தை வேணாம்னவன்கிட்ட நோயைப் பரப்பினவனே பில்லு நீட்டினான்.

ஆசை காட்டி ஏமாத்தறதும் புதுசில்ல. 2000 மே மாசம் பிலிப்பைன்ஸ்லேர்ந்து 'ஐ லவ் யூ'ன்னு ஒரு ஈமெயில் கிளம்புச்சு. காதல் கடிதம்னு நம்பித் திறந்தவங்க கணினியில கோப்புங்க நாசமாப் போச்சு. இப்ப காலம் முன்னேறிடுச்சு, காதல் போய்க் கல்யாணம் வந்திருக்கு. வாட்ஸ்அப்புல அழைப்பிதழ்னு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலி, வருது. தொட்டு இன்ஸ்டால் பண்ணினா கைப்பேசியில இருக்கிற வங்கிக் கணக்கே மொய் எழுதிட்டுப் போயிரும். தெரியாதவன் கல்யாணத்துல உனக்கு எதுக்குடா பிரியாணி?

நாளைக்கு நீ வாத்தியார். அந்த லேப்டாப்புல பிள்ளைங்க பேரு, மார்க்கு, கேள்வித்தாள் எல்லாம் இருக்கும். அதனால தேவையானதை வாரத்துக்கு ஒருதடவை வெளி டிஸ்க்குல நகல் எடுத்துட்டு, வயரைக் கழட்டி வை. மாட்டியே வெச்சா பூட்டறவன் ரெண்டையும் சேத்துப் பூட்டுவான். வங்கிப் பணமே போயிருச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே வங்கிக்கும் 997க்கும் போன் போடு. தேசிய மோசடி எதிர்ப்பு மையம், 2022லேர்ந்து இதுக்குன்னே இருக்கு.

அதனால பேராண்டி, ஓசிக்கு ஆசைப்படாதேன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆசைப்படு. அப்டேட்டு ஓசி, டிஃபெண்டர் ஓசி, லிப்ரே ஆபீஸ் ஓசி. இத்தனையையும் வேணாம்னுட்டு ஒரு கிராக்குக்குக் கை நீட்டினா, அப்புறம் வைரஸைத் திட்டாதே. நீ கூப்பிட்டுத்தான் அது வந்துச்சு.